நடுவில் காணாமல் போன 30 ஆண்டுகள்: 70ஆவது பிறந்தநாளை ஒட்டி ஒரு மருத்துவரின் வாழ்க்கை மீள்பார்வை

வந்தபோது அவருக்கு வயது 69. மயக்கவியல் மருத்துவர். 38 ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். 70ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அம்மா தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எழுதிய சிறு புத்தகம் ஒன்றை அன்றைக்குக் குடும்பத்தில் எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. இவரும் சந்தோஷமாகத்தான் எழுத உட்கார்ந்தார். சில வாரங்களில் எழுத்து நின்றது. அப்புறம் தூக்கம் கெட்டது. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், என்னவென்று கேட்டால் பதில் இல்லை என்று மகள் என்னிடம் அழைத்து வந்தார்.

வயதானவர்கள் தங்கள் வாழ்க்கையை வரிசையாகத் திரும்பிப் பார்க்கும்போது உடன் இருப்பது என் வேலை. இந்த நிகழ்வை அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். எழுதியதை அவர் படித்துப் பார்த்தார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களில் சிலவற்றை விட்டிருக்கிறேன், சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

கொண்டு வந்த நோட்டு

முதல் சந்திப்பில் அவர் பேசவில்லை. எழுதிய நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு நான் படித்து முடிக்கும் வரை காத்திருந்தார். மொத்தம் 14 பக்கம். முதல் 11 பக்கங்களில் மருத்துவப் படிப்பு, விடுதி, பயிற்சிக் காலம், முதன்முதலாகத் தனியாக ஒரு நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்த நாள் எல்லாம் இருந்தன. ஆட்களின் முகம், பேச்சு, தியேட்டரின் வாசனைகூட இருந்தது. அடுத்த 2 பக்கம் ஒரே ஒரு நோயாளியைப் பற்றியது. 1984இல் ஆபரேஷன் முடிந்த பிறகு இறந்துபோனவர். கடைசிப் பக்கம் ஓய்வு பெற்ற நாள். 1984க்கும் அந்த நாளுக்கும் இடையில் ஒரே வரி: "அதற்குப் பிறகு வழக்கமான வேலை."

நான் தலை நிமிர்ந்ததும் அவர் சொன்னது இது: "இதைப் படிச்சா, ஒரு ஆளைச் சாகவிட்டுட்டு அதுக்கப்புறம் முப்பது வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவ மாதிரி இருக்கு. பிள்ளைங்க கையில இதை எப்படிக் கொடுக்கறது?"

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் அந்த ஒரு வரிதான். நீண்ட காலம் ஒரே வேலையை நன்றாகச் செய்தவர்கள் பலர் 60, 70, 80 என்ற வயதுகளில் திரும்பிப் பார்க்கும்போது இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஆரம்பம் ஞாபகம் இருக்கிறது, சறுக்கல் ஞாபகம் இருக்கிறது, நடுவில் செய்த வேலை மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததால் அது இல்லவே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். நினைவை மட்டும் நம்பி வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த மருத்துவரின் கதை அதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று.

எதையும் தொடங்கும் முன் மனச்சோர்வு இருக்கிறதா, நினைவாற்றல் குறைந்திருக்கிறதா என்று முறையாகப் பார்த்தோம். உடல்நலச் சோதனைகளை அவருடைய மருத்துவரே பார்த்தார். மூன்றிலும் கவலைப்பட ஒன்றும் இல்லை. கண்டிப்பாகச் செய்ய வேண்டிய காரியம் இது. மனச்சோர்வில் இருக்கும் ஒருவரைப் பழையதைக் கிளறச் சொன்னால் அது அவரை இன்னும் கீழே தள்ளிவிடும்.

ஏன் 69இல்?

பிறந்தநாள் புத்தகம்தான் காரணம் என்று மகள் நினைத்தார். பாதி சரி. அமெரிக்காவில் ஆடம் ஆல்டர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 29, 39, 49 என்று 9இல் முடியும் வயதில் இருப்பவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா என்று கூடுதலாக யோசிக்கிறார்கள் என்பது அதன் சாரம். அந்த முடிவுகளுக்கு மறுப்பும் வந்தது, அதனால் நான் அதன்மேல் அதிகப் பாரம் ஏற்றுவதில்லை. ஆனாலும் பத்தின் பெருக்கமாக ஒரு வயது நெருங்கும்போது மனம் கணக்குப் பார்க்கத் தொடங்குவதை இந்த வேலையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

இதைவிட உறுதியான அடித்தளம் 1963இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. வயதானவர்கள் பழைய கதை பேசினால் புத்தி தளர்ந்துவிட்டது என்று மருத்துவர்களே நினைத்த காலம் அது. பட்லர் அதை மறுத்தார். முடிவு தூரத்தில் இல்லை என்று உணரும் மனிதர் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான மன வேலை, தீராமல் கிடக்கும் பழைய பிணக்குகள் அப்போது மேலே வரும், அவற்றைப் பார்த்துச் சமாதானம் ஆக வழி உண்டு என்றார். அதே கட்டுரையில் எச்சரிக்கையும் இருந்தது. சிலருக்கு இந்த வேலை குற்ற உணர்விலும் நம்பிக்கையின்மையிலும் போய் முடியலாம். எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையை 8 கட்டங்களாகப் பிரித்தபோது கடைசிக் கட்டத்தின் கேள்வியாக வைத்ததும் இதையேதான்: வாழ்ந்த வாழ்க்கையை மொத்தமாக ஏற்றுக்கொள்ள முடிகிறதா, அல்லது இனி திருத்த நேரமில்லையே என்ற விரக்தியில் விழுகிறோமா?

இந்த மருத்துவர் இரண்டுக்கும் நடுவில் நின்றிருந்தார். ஆனால் அவர் தீர்ப்புச் சொல்ல முயன்ற வாழ்க்கையில் பெரும்பகுதி அவர் முன்னால் இல்லவே இல்லை.

நடு ஏன் மறைகிறது

நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை அளவுக்கு மீறி வரும். டேவிட் ரூபினும் அவரது சகாக்களும் 1986இல் இதை எடுத்துக்காட்டினார்கள், அதற்குப் பிறகு பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. முதல் வேலை, முதல் ஊதியம், முதல் காதல், முதல் குழந்தை எல்லாம் அந்த வயதுகளில் வருகின்றன. புதியது மனதில் தங்கும். 11 பக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பது இதிலேயே புரிந்துவிடும்.

மீதியை மேரிகோல்ட் லிண்டன் என்ற உளவியலாளர் தன்னையே வைத்துச் செய்த ஆய்வு விளக்குகிறது. 1970களில் 6 ஆண்டுகள் தினமும் அன்றைய நிகழ்வுகளைச் சீட்டில் எழுதி, பிறகு அவற்றை எடுத்துத் தனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்தார். திரும்பத் திரும்ப நடந்தவை தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று கலந்து ஒரே பொதுவான நினைவாக மாறியிருந்தன. முதல் கூட்டம் ஞாபகம் இருக்கிறது, இருபதாவது கூட்டம் "கூட்டங்கள்" ஆகிவிடுகிறது. ஒரு வேலையில் ஒருவர் எவ்வளவு தேர்ந்தவராக ஆகிறாரோ அவ்வளவுக்கு அவருடைய நாட்கள் ஒன்றுபோல ஆகும், அவ்வளவுக்கு அவை மறையும். அவர் எழுதிய "வழக்கமான வேலை" என்ற சொற்களுக்குள் அவருடைய திறமை முழுவதும் புதைந்து கிடந்தது.

அவருடைய தொழிலில் இன்னொரு கஷ்டமும் உண்டு. அறுவை மருத்துவரை நோயாளிக்குத் தெரியும், தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். மயக்க மருந்து கொடுத்தவரைச் சில நிமிடங்களே பார்த்திருப்பார். மயக்கத்துக்கு முன் பதற்றம் குறையக் கொடுக்கும் மிடசோலம் போன்ற மருந்துகள் அந்தச் சில நிமிடங்களையும் நினைவில் பதியாமல் செய்துவிடும். "நான் சரியா வேலை செஞ்சா யாருக்கும் என்னை ஞாபகம் இருக்காது, எனக்கும் அவங்க ஞாபகம் இருக்க மாட்டாங்க. தப்பாப் போனாத்தான் ரெண்டு பேருக்கும் ஞாபகம்" என்று ஒருநாள் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை, தொழிலின் இயல்பாகச் சொன்னார். ஆனால் 70 வயதில் தன் வாழ்க்கையைத் தேடும்போது அந்த இயல்பு அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது.

லாக் புக்

வாழ்க்கை மீள்பார்வையில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் உண்டு. உங்கள் வாழ்க்கையின் உச்சம் எது, திருப்பம் எது, பெருமைப்படுவது எதற்கு? இவரிடம் நான் அவற்றைக் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் அந்த 14 பக்கமே வந்திருக்கும். அதற்குப் பதிலாக, அந்த வருடங்களில் எழுதப்பட்ட காகிதம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

இருந்தது. பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு கேஸையும் லாக் புக்கில் எழுதும் பழக்கம் மயக்கவியலில் உண்டு. பலர் பயிற்சி முடிந்ததும் விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டுகள், பெயர்கள் இல்லாமல் தேதி, வயது, அறுவை சிகிச்சை, கொடுத்த மருந்து, ஒரு வரிக் குறிப்பு. ஓய்வு பெற்றதும் பெட்டியில் போட்டு வைத்தவர் அதற்குப் பிறகு திறக்கவில்லை. மொத்தம் ஏறக்குறைய 20,000 பேர்.

வருடத்துக்கு ஒரு சந்திப்பு என்று வைத்துக்கொள்ள நேரம் இல்லை. சில வருடங்களில் மெதுவாகவும் சில வருடங்களில் வேகமாகவும் போனோம். ஒவ்வொரு வருடத்துக்கும் கேள்விகள் எளிமையானவை. அந்த வருடம் உங்கள் பக்கத்தில் யார் நின்றார்கள்? மேசைமேல் என்ன கருவி இருந்தது? எதற்குப் பயந்தீர்கள்? யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்?

முதலில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. "வெறும் லிஸ்ட்தானே இது" என்று இரண்டு மூன்று முறை சலித்துக்கொண்டார். 1980களின் ஆரம்பப் பக்கங்களில் மயக்கம் தரும் தயோபென்டோன், ஹாலோதேன், தசைத் தளர்வு மருந்துகள் என்று ஒரே மாதிரி வரிகள். அன்றைக்குக் கருவி என்று எதுவும் கிடையாது என்றார். ஒரு கை நோயாளிக்கு மூச்சு கொடுக்க அழுத்தும் பையில், இன்னொரு கை நாடியில், நெஞ்சில் ஒட்டிய ஸ்டெதஸ்கோப்பின் குழாய் ஒரு காதில். நோயாளியின் உதடும் நகமும் என்ன நிறத்தில் இருக்கின்றன என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். இதைச் சொல்லும்போது அவர் இடது கை தானாக ஒரு பையைப் பிடித்து அழுத்துவதுபோல அசைந்தது. உடம்பு மறக்கவில்லை.

1985ஆம் ஆண்டு நோட்டைத் திறந்தபோது பக்கத்தின் ஓரத்தில் கையால் ஒரு கோடு போட்டுப் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தது. ஒவ்வொரு வரியிலும் அதில் ஒரு நேரம் எழுதியிருந்தது. முந்தைய வருடம் அப்படி இல்லை.

"இது என்ன டாக்டர்?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தெரியலையே. ஆபரேஷன் முடிஞ்ச நேரம் இங்க தனியா இருக்கு. இது அதுக்கும் அப்புறம் இருக்கு. என்னமோ எழுதியிருக்கேன், தெரியல."

அவரால் சொல்ல முடியவில்லை. அவரோடு பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தியேட்டர் நர்ஸ் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்கலாமா என்றேன். போனில் பேசினார்கள், நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அந்தக் கேஸுக்கு அப்புறம் பேஷண்ட் தலையைத் தூக்கிக் காட்டற வரைக்கும் நீங்க ரெக்கவரியை விட்டு நகரவே மாட்டீங்களே மேடம். அடுத்த கேஸுக்கு சர்ஜன் அங்க கத்திக்கிட்டு இருப்பார். தூக்கினதும் மணியைப் பார்த்து எழுதுவீங்க. எங்களையும் எழுத வச்சீங்க."

தலையணையிலிருந்து தலையைத் தூக்கி 5 விநாடி தாங்கிப் பிடிக்க முடிகிறதா என்று பார்ப்பது, மூச்சு விடும் தசைகளையும் தளர்த்திவிடும் தசைத் தளர்வு மருந்தின் வேகம் தணிந்துவிட்டதா என்று அறிய அன்றைக்குப் பரவலாக இருந்த சோதனை. 1984இல் இறந்தவர் நல்லபடியாக ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் வரை வைத்திருக்கும் ரெக்கவரி அறைக்குப் போனவர். இவரை உடனே அடுத்த நோயாளிக்கு அழைத்துவிட்டார்கள். அங்கே பல நோயாளிகளுக்கு ஒரே நர்ஸ். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக மேலோட்டமாகி, யாராவது கவனிக்கும்போது முகம் நீலமாகியிருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

ஆக, அந்தக் கட்டத்தில் இருந்தது அந்த மரணத்துக்கு அவர் கொடுத்த பதில். யாருக்கும் அறிக்கை எழுதவில்லை, யாரும் கட்டளையிடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு நோயாளியும் தலையைத் தூக்கும் வரை பக்கத்தில் நின்றார், நின்றதை எழுதி வைத்தார். பிறகு அது பழக்கமாகி, பழக்கம் ஆனதாலேயே மறந்தும் போனது.

போனை வைத்த பிறகு வெகு நேரம் பேசவில்லை. அதன் பின் நோட்டுகள் பேச ஆரம்பித்தன. சில வருடங்கள் கழித்து அதே கட்டத்தில் நேரத்தோடு ஓர் எண்ணும் சேர்ந்தது: 96, 97, 98. இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்துவிட்டது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1970களின் முற்பகுதியில் அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். 1986இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் கண்காணிப்புக்கான அடிப்படை விதிகளை வகுத்தது, சில ஆண்டுகளில் ஆக்சிமீட்டர் அதில் கட்டாயமானது. இவருடைய மருத்துவமனைக்கு வந்த முதல் கருவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் வைப்பதா ரெக்கவரியில் வைப்பதா என்று ஒரு சண்டையே நடந்திருக்கிறது. உள்ளே நான் இருக்கிறேன், வெளியேதான் யாரும் இல்லை, அதனால் வெளியே வையுங்கள் என்று வாதாடியிருக்கிறார். இரண்டாவது கருவி வரும் வரை அது ரெக்கவரியில்தான் இருந்தது. இதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஆக்சிஜன் குறையக் குறைய அந்தக் கருவியின் ஒலி சுருதி இறங்கும் என்றும், சமையலறையில் நின்றிருந்தாலும் எங்கோ ஒரு ஒலி சுருதி இறங்கினால் இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பேன் என்றும் சொன்னார். இந்த ஒரு வருடத்துக்கு மட்டும் அவர் பிறகு 6 பக்கம் எழுதினார்.

இன்னும் பிந்தைய நோட்டுகளில் அந்தக் கட்டம் மறுபடி மாறுகிறது. தலையைத் தூக்கும் சோதனை மட்டும் போதாது, அதில் தேறியவர்களுக்கும் தசைத் தளர்வு மிச்சம் இருக்கலாம் என்று ஆராய்ச்சிகள் காட்டின. நரம்பைத் தூண்டி அளக்கும் கருவி வந்தது. தலை தூக்கிய நேரத்துக்குப் பதில் அந்த அளவு எழுதப்பட்டது. 1985இலிருந்து கடைசி நாள் வரை ஒரே கேள்வியை, இந்த நோயாளி தானாக மூச்சு விடுவாரா என்ற கேள்வியை, ஒருவர் மேலும் மேலும் கூர்மையாகக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். "வழக்கமான வேலை" அதுதான்.

இன்னொருவரின் நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வில்லெம் வாகனார் என்ற டச்சு உளவியலாளரின் ஆய்வு நல்ல துணை. அவரும் 6 ஆண்டுகள் தன் நாட்களைப் பதிவு செய்தார், ஏறக்குறைய 2,400 நிகழ்வுகள். எப்போது நடந்தது என்ற குறிப்பு மட்டும் கொடுத்தால் கிட்டத்தட்ட எதுவும் நினைவுக்கு வரவில்லை. என்ன நடந்தது என்ற குறிப்புதான் அதிகம் உதவியது. முழுக்க மறந்துவிட்டதாகத் தோன்றிய சில நிகழ்வுகளை, உடன் இருந்தவர்கள் விவரம் சொன்னதும் அவரால் அடையாளம் காண முடிந்தது. 1986இல் இதை வெளியிட்டார். தேதி வாரியாக நோட்டைப் புரட்டியபோது ஒன்றும் வராமல், நர்ஸின் ஒரு வாக்கியத்தில் எல்லாம் திறந்துகொண்டதற்கு இது பொருந்துகிறது. அதன் பிறகு வேறு இரண்டு பேரிடமும் பேசச் சொன்னேன். அவரிடம் பயின்று இப்போது துறைத் தலைவராக இருக்கும் ஒருவர், அவரிடம் கற்றுக்கொண்ட முதல் பாடமே ரெக்கவரியில் நிற்பதுதான் என்றார். தன்னிடம் படிப்பவர்களையும் அப்படித்தான் நிற்க வைக்கிறாராம். இது மருத்துவருக்கு முற்றிலும் புதிய செய்தி.

1984

அந்த மரணத்தை நாங்கள் தனியாக எடுத்துப் பேசினோம். அதற்காக நான் அதிக நேரம் ஒதுக்கினேன், அவசரப்படவில்லை.

இந்த மாதிரி இடத்தில் ஆறுதல் சொல்ல வரும் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: உங்கள் தவறு இல்லை. குடும்பத்தார் அதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு நாளும் நம்பவில்லை. நான் அதைச் சொல்ல மறுத்தேன். மருத்துவத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதோடு, சொன்னால் அவர் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அன்றைக்கு உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரிந்திருக்க வழியில்லை என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த முறை அவரே ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னார். காம்ரோ, போட்டெல்ஹோ என்ற இருவர் 1947இல் செய்தது. ஆக்சிஜன் குறைந்தவரின் நீல நிறத்தைக் கண்ணால் எப்போது கண்டுபிடிக்க முடிகிறது என்று சோதித்தார்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இறங்கும் வரை பெரும்பாலானவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆரோக்கியமானவருக்கு அது 95க்கு மேல் இருக்கும். "நாங்க கண்ணை நம்பித்தான் வேலை செஞ்சோம். கண்ணால முடியாதுன்னு 1947லயே தெரியும். கருவி இல்லை, என்ன பண்றது? ஆனா நான் அங்க நின்னிருந்தா மூச்சு மேலாப் போறதைக் கை வச்சுப் பார்த்திருப்பேன்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். முதல் பாதி அவரை விடுவித்தது, இரண்டாம் பாதி விடுவிக்கவில்லை. இரண்டுமே உண்மை என்று நான் நினைக்கிறேன். அவர் அதை அப்படியே, எதையும் குறைக்காமல், புத்தகத்தில் எழுதினார்.

சிகிச்சையில் தவறு நேரும்போது பாதிக்கப்படும் முதல் ஆள் நோயாளி, அதைச் சுமக்கும் மருத்துவர் இரண்டாவது ஆள் என்று ஆல்பர்ட் வு 2000ஆம் ஆண்டில் எழுதினார். அதற்குப் பிறகுதான் மருத்துவமனைகள் இதை வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தன. 1984இல் இவரோடு யாரும் பேசவில்லை. மறுநாள் காலை பட்டியலில் அவர் பெயர் வழக்கம்போல இருந்தது, போய் நின்றார்.

மயக்கவியல் வரலாற்றிலிருந்து ஹார்வி குஷிங்கின் கதையையும் அவரே எடுத்துச் சொன்னார். பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடி ஆன குஷிங், 1890களில் மாணவராக இருந்தபோது ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்த நோயாளி ஒருவர் மேசையிலேயே இறந்தார். மருத்துவத்தையே விட்டுவிடலாமா என்று குஷிங் யோசித்திருக்கிறார். பிறகு சக மாணவர் எர்னஸ்ட் காட்மனோடு சேர்ந்து, மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் நாடியையும் மூச்சையும் தொடர்ந்து குறித்து வைக்கும் அட்டவணையை உருவாக்கினார். இன்றைக்கு உலகம் முழுதும் எழுதப்படும் மயக்கவியல் பதிவேட்டின் தொடக்கங்களில் ஒன்று அது. இந்தக் கதையை அவர் எத்தனையோ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தன் நோட்டின் ஓரத்தில் தான் போட்ட கோட்டையும் அதையும் ஒருமுறைகூடச் சேர்த்துப் பார்த்ததில்லை. நான் சேர்த்து வைக்கவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி 1985 நோட்டைக் கையில் எடுத்தார்.

பழைய நினைவில் ஊறுவது எல்லாம் ஒன்று கிடையாது. பால் வாங், லிசா வாட் இருவரும் 1991இல் முதியவர்கள் நினைவுகூரும் விதங்களை 6 வகையாகப் பிரித்தார்கள். நடந்ததை ஏற்றுக்கொண்டு வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பதும், பழைய சிக்கலை எப்படிச் சமாளித்தோம் என்று நினைத்துப் பார்ப்பதும் நன்றாக முதுமையடைபவர்களிடம் அதிகம் காணப்பட்டன. ஒரே குற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவது மற்றவர்களிடம் அதிகம் இருந்தது. வந்தபோது இவர் இந்தக் கடைசி வகையில் இருந்தார். நினைவு மாறவில்லை. அதற்கு அடுத்த வருடம் என்ன நடந்தது என்பது அதோடு சேர்ந்தது, அவ்வளவுதான். என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் அந்தச் சேர்க்கை.

வீடு

தொழிலைப் பற்றிய பேச்சு தெளிந்த பிறகு வீடு வந்தது. இதை நான் எதிர்பார்த்தேன். காலம் செல்லச் செல்ல மனிதர்கள் செய்ததைவிடச் செய்யாமல் விட்டதற்கே அதிகம் வருந்துகிறார்கள் என்று தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் 1990களின் நடுவில் காட்டினார்கள். இவருடைய பட்டியலும் அப்படியே இருந்தது. நாட்பட்ட வலிக்கான சிகிச்சையில் மேற்பயிற்சிக்கு ஒருமுறை அழைப்பு வந்தது, போகவில்லை. அது சின்னது என்றார். பெரியது மகன். நைட் டூட்டி வருடங்களில் மகன் வளர்ந்ததைத் தான் பார்க்கவே இல்லை என்றார். மகளோடு அந்தக் குறை இல்லை, அவர் பிறந்தபோது டூட்டி முறை மாறியிருந்தது.

லாக் புக் இங்கே வேறு விதமாக வேலை செய்தது. இரவு 1 மணி, 2 மணி, 4 மணி என்று அவசர கேஸ்கள் வரிசையாக எழுதியிருந்த மாதங்களில் மகனுக்கு என்ன வயது என்று அவரே ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போனார். நான் தடுக்கவில்லை, ஊக்கப்படுத்தவும் இல்லை. நல்ல வேலையைக் கண்டெடுத்துத் தந்த அதே காகிதம் அதன் விலையையும் காட்டத்தான் செய்யும். அதை மறைத்துவிட்டு எழுதப்படும் வாழ்க்கைக் கணக்கை நான் மதிப்பதில்லை.

புத்தகமும் அதன் பிறகும்

பிறந்தநாளுக்குள் புத்தகம் முடிந்தது. படிப்பும் பயிற்சியும் 11 பக்கத்திலிருந்து 7 பக்கமாகச் சுருங்கின. 1984 அதன் இடத்தில், முதல் கால்பகுதிக்குள், வந்தது. அதற்குப் பின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நடு ஆண்டுகள். 1985 நோட்டின் ஒரு பக்கத்தை, கையால் போட்ட கோட்டோடு, படமாகச் சேர்த்தார். ஓய்வு பெற்ற நாள் ஒரு பத்தியாகக் குறைந்தது. தூக்கம் புத்தகம் முடிவதற்கு முன்பே சீராகிவிட்டது. நர்ஸோடு பேசிய மாதத்திலேயே விடியற்காலை விழிப்பு குறைந்ததாக மகள் சொன்னார்.

இது ஒருவரின் கதை. ஒப்பிட வேறு ஆள் இல்லை, அதனால் எந்தப் பகுதி எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 38 ஆண்டு லாக் புக் வைத்திருப்பவர்களும் அபூர்வம். ஆனால் காகிதமே இல்லாதவர்கள் அதைவிட அபூர்வம் என்பது என் அனுபவம். ஆசிரியர்களிடம் பாடக் குறிப்பும் கால அட்டவணையும் இருக்கும், ஓட்டுநர்களிடம் டூட்டிச் சீட்டு, கணக்கர்களிடம் கையெழுத்துப் பேரேடு, வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களிடம் வரவு செலவு நோட்டும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையும். மாற்றல் உத்தரவு, ஊதியச் சீட்டு, குழுப் புகைப்படம் எதுவும் போதும், கூடவே அந்த வருடங்களில் பக்கத்தில் நின்ற ஒருவர் வேண்டும். பிறந்தநாள் மலர் தயாரிக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்று. "மறக்க முடியாத சம்பவம் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு சாதாரண வருடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த வருடத்துக் காகிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். முதலில் ஒன்றும் வராது. காத்திருங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், வன்முறையோ பெரிய இழப்போ கடந்து வந்து அதைத் தொட விரும்பாதவர்கள், திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், இவர்களைப் பிறந்தநாள் வந்துவிட்டது என்பதற்காகப் பழையதைப் பேச வைக்கக் கூடாது. பதிவுகள் தாமே குற்றச்சாட்டாக மாறும் வாழ்க்கைகளும் இருக்கின்றன. அங்கே நான் வேறு வழியில் போவேன்.

பிறந்தநாள் முடிந்து 6 மாதம் கழித்து மறுபடி பார்த்தேன். 1984இன் நினைவு இன்னும் வருகிறது, வந்தால் உட்கார்ந்து யோசித்துவிட்டு எழுந்து போக முடிகிறது என்றார். தன்னிடம் பயின்ற அந்தத் துறைத் தலைவர் கேட்டுக்கொண்டதால், புதிதாகச் சேரும் பயிற்சி மருத்துவர்களுக்கு ரெக்கவரி அறையைப் பற்றி வகுப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார். மகன் புத்தகத்தைப் படித்துவிட்டுப் பென்சில் குறிப்புகள் உள்ள அசல் நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அந்த இரவுகளில் தான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவர் தன் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். சில சமயம் அது சண்டையில் முடிகிறது. அந்தப் பேச்சில் எனக்கு இடம் வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன், அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.